யூத, கிறிஸ்தவ, இஸ்லாமிய வேதங்களைச் சேர்த்துப் படிக்க: பெங்களூரா, சென்னையா, கோட்டயமா?

பக்ரீத் அன்று கிருஷ்ணகிரியில் எங்கள் தெருவில் நாலு வீட்டிலிருந்தாவது குர்பானிக் கறி வந்துவிடும். இந்த முறை அதை வாங்கி வைத்த அக்கா மகள் ஒரு கேள்வி கேட்டாள். எலத்தகிரியில் தோழி வீட்டுக்குப் போயிருந்தபோது அங்கிருந்த பைபிளில், மாற்கு 7-ஆம் அதிகாரத்தில், ‘கொர்பான்’ என்று ஒரு சொல்லைப் பார்த்தாளாம். “மாமா, அதுவும் இதுவும் ஒண்ணா?”

ஒன்றுதான். எபிரேயத்தில் கோர்பான், பழைய கிறிஸ்தவ மொழியான சுரியானியில் குர்பானா, அரபியில் குர்பான். மூன்றுக்கும் வேர் ஒன்றே, ‘நெருங்குதல்’ என்று பொருள். கடவுளின் அருகே கொண்டுபோய் வைப்பது.

பி.ஏ. வரலாறு முடித்திருக்கிறாள். யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம் மூன்றும் தொடக்க நூற்றாண்டுகளில் ஒன்றோடொன்று பேசி, வாதாடி, வாங்கிக் கொடுத்து வளர்ந்ததைத்தான் மேற்படிப்பாகப் படிப்பேன் என்கிறாள். எங்கே போவது என்று ஒரு மாதமாக வீட்டில் இதே பேச்சு. இதே ஆசை உள்ள வேறு பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் பெங்களூர். பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம், அக்காவுக்கு அதுவே போதும். அங்கே 1910-இல் தொடங்கிய ஐக்கிய இறையியல் கல்லூரி இருக்கிறது. எபிரேயமும் கிரேக்கமும் முறையாகச் சொல்லித்தரும் இடம், நல்ல நூலகம். ஆனால் செராம்பூர் முறையில் பி.டி. என்ற இறையியல் பட்டம் முடித்தவர்களுக்குத்தான் அதற்கு மேல் எம்.டிஹெச். என்ற முதுநிலைப் பட்டம். வரலாறு படித்த பெண் அடியிலிருந்து தொடங்கவேண்டும். அடிப்படையில் அது திருச்சபைப் பணிக்கு ஆள் தயாரிக்கும் படிப்பு. அந்த அழைப்பு உள்ளவர்களுக்கு அதைவிடச் சிறந்த இடம் பக்கத்தில் இல்லை. இவளுக்கு அந்த அழைப்பு இல்லை. குர்ஆனை மூலத்தில் படிக்க அரபியும் வேண்டும், அது அந்தப் படிப்பின் மையத்தில் வராது.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ ஆய்வுத் துறையும் உண்டு; அரபி, பாரசீகம், உருது மூன்றுக்கும் சேர்ந்த துறையும் உண்டு. செலவு குறைவு. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்விலும் சமயங்களின் ஒப்பீட்டு ஆய்வு, அரபுப் பண்பாடும் இஸ்லாமிய ஆய்வும் என்று தனித்தனிப் பாடங்கள் இருப்பதால் கல்லூரி வேலைக்கு வழி தெரிகிறது. குறை ஒன்றுதான்: இவள் கேட்பது இரண்டு துறைகளுக்கும் நடுவில் இருக்கிறது. ஒன்றில் சேர்ந்தால் மற்றது கைவிட்டுப் போகும்.

அந்த நடுவில் என்ன இருக்கிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஆதியாகமத்தில் காயீன் ஆபேலைக் கொன்றதும், சகோதரனின் இரத்தம் பூமியிலிருந்து கூப்பிடுகிறது என்று கடவுள் சொல்வார். தமிழில் ‘இரத்தம்’ ஒருமை. எபிரேய மூலத்தில் பன்மை, ‘இரத்தங்கள்’. கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா இந்தப் பன்மையைப் பிடித்துக்கொள்கிறது: அவன் இரத்தமும் அவன் சந்ததிகளின் இரத்தமும். ஆகவே ஓர் உயிரை அழித்தவன் ஓர் உலகத்தையே அழித்தவன் போல என்கிறது. குர்ஆன் ஐந்தாம் அத்தியாயம், ஆதமின் இரு மகன்கள் கொடுத்த குர்பானில் கதையைத் தொடங்கி, ஓர் உயிரைக் கொன்றவன் மனிதகுலம் முழுவதையும் கொன்றவன் போல என்று இஸ்ரவேல் மக்களுக்கு விதித்ததாகச் சொல்கிறது. மிஷ்னாவின் அச்சுப் பிரதிகள் பலவற்றில் ‘இஸ்ரவேலில் ஓர் உயிர்’ என்றிருக்கும். புடாபெஸ்டில் உள்ள பழைய காஃப்மன் சுவடியில் ‘இஸ்ரவேலில்’ என்பது கிடையாது, குர்ஆன் சொல்வதுபோல எந்த உயிரும்தான்!

சரி, அப்படியென்றால் எல்லாம் யூத நூல்களிலிருந்து குர்ஆனுக்கு என்று ஒரே திசையில்தான் போயிற்றா? இல்லை. கொன்ற அண்ணன் தன் தம்பியைப் புதைக்க ஒரு காகம் வழிகாட்டுவதும் அதே குர்ஆன் பகுதியில் வருகிறது. யூதர்களின் பிர்கே தெரபி எலியேசர் என்ற நூலிலும் காகம் வருகிறது, அங்கே பார்த்துக் கற்றுக்கொள்பவர்கள் ஆதாமும் ஏவாளும். அந்த நூல் இன்றைய வடிவத்தைப் பெற்றது இஸ்லாம் தோன்றிய பிறகு. யார் யாரிடம் கேட்டார்கள் என்பதை மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு முடிவு செய்யவே முடியாது. அதனால்தான் கல்லூரியின் பெயரைப் பார்க்காதே, எந்த மொழி கையில் கிடைக்கும் என்று பார் என்று அவளிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

அப்படிப் பார்த்தால் என் ஓட்டு கோட்டயத்துக்கு. அங்குள்ள புனித எஃப்ரேம் ஆய்வு நிறுவனத்தில் மகாத்மா காந்தி பல்கலைக்கழக அங்கீகாரத்தோடு சுரியானியில் எம்.ஏ. படிக்கலாம். சுரியானி, இயேசு பேசிய அரமேய மொழியின் ஒரு கிளை. மிஷ்னாவுக்கு யூதர்கள் எழுதிய விளக்கத் தொகுப்பான தல்மூது பெருமளவு அரமேயம், அரபியோ இதற்கு நெருங்கிய உறவு. மூன்று வீட்டுக்கும் நடுவில் உள்ள முற்றம் மாதிரி இந்த மொழி. வெள்ளிக்கிழமைதோறும் நம் பள்ளிவாசல்களில் ஓதும் குர்ஆனின் கஹ்ஃப் அத்தியாயத்தில் குகையில் தூங்கிய இளைஞர்கள் வருகிறார்கள் அல்லவா? அந்தக் கதையை, 521-இல் இறந்த செரூகு யாக்கோபு என்ற கிறிஸ்தவக் கவிஞர் சுரியானியில் செய்யுளாகவே பாடியிருக்கிறார்.

இன்னொன்று. கி.பி. 849-இல் கொல்லத்து தரிசாப்பள்ளி என்ற தேவாலயத்துக்குக் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது, எழுத்துக்கூட்டி வாசித்தால் நமக்குப் பாதி புரியும். அதில் சாட்சிக் கையெழுத்துகள் அரபு எழுத்திலும் பழைய பாரசீக எழுத்தான பஹ்லவியிலும் எபிரேய எழுத்திலும் உள்ளன. ஒரு கிறிஸ்தவ தேவாலயத்துக்கான கொடைக்கு முஸ்லிமும் யூதரும் சாட்சி! அதில் ஒரு பகுதி கோட்டயத்திலும் மறுபகுதி திருவல்லாவிலும் இருக்கிறது.

குறையும் உண்டு. சுரியானிக்கு நெட் கிடையாது. படிப்பு முடிந்ததும் வேலை என்ன என்று அக்கா கேட்டால் என்னிடம் நேரான பதில் இல்லை.

வெளிநாட்டை இப்போதைக்குத் தள்ளியே வைக்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டில் சுரியானிக்கு ஓராண்டுப் படிப்பு உண்டு, அமெரிக்காவில் நோத்ர தாம் பல்கலைக்கழகத்தில் தொன்மைக்கால யூதம், கிறிஸ்தவம் இரண்டையும் சேர்த்தே ஆய்வு செய்யலாம். அங்கெல்லாம் உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்கும்போது முதலில் பார்ப்பது மொழி எவ்வளவு தெரியும் என்பதைத்தான். கையில் ஒரு மொழியாவது இருந்தபிறகு போகட்டும்.

அரபிக்குக் கோட்டயம் வரை காத்திருக்கவும் வேண்டாம். வாணியம்பாடி, உமராபாத் பக்கம் ஓதிய ஆலிம்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் ஒருவர் மாலையில் வரச் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் சேலத்தில் இரவு ரயில் ஏறி நானும் அவளும் கோட்டயம் போகிறோம். அக்காவையும் கூப்பிட்டிருக்கிறோம், இன்னும் பதில் சொல்லவில்லை.