பழைய யான்மாருக்குக் கலப்புச் சாமான்: பத்தாங் பெர்ஜுந்தை பட்டறை பற்றி

பழைய ஜப்பான் மினி டிராக்டர் வைத்துக்கொண்டு சாமானுக்கு அலைகிறவர்கள், மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தையில் இருக்கும் இந்தப் பட்டறைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். அவசர வேலை என்றால் மட்டும் போகாதீர்கள், அதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறேன். பெயர்ப்பலகை கிடையாது, ஃபேஸ்புக் பக்கமும் கிடையாது. டவுனைத் தாண்டி செம்பனைத் தோட்டப் பக்கம் போகும் சாலையில், லோரி டயர்களைக் குவித்து வைத்திருக்கும் தகரக் கொட்டகைதான். ஊருக்குப் புதியவர்கள் போனில் பெஸ்தாரி ஜெயா என்று போட்டுத் தேடுங்கள், 2007இல் பெயர் மாறிவிட்டது.

என்னுடையது யான்மார் ஒய்எம் 1500டி. இரண்டு சிலிண்டர் டீசல், நான்கு சக்கரமும் இழுக்கும். எழுபதுகளில் ஜப்பான் வயல்களுக்காகச் செய்த மாடல், அப்புறம் செகண்ட் ஹேண்டாக இங்கே கப்பலேறி வந்தது. அப்பா விட்டுப்போன சின்னச் செம்பனை நிலமும் வீட்டுக்குப் பின்னால் பயற்றங்காய், வெண்டை போடும் தோட்டமும் இருக்கிறது, அதற்குப் புல் வெட்டவும் மண் கிளறவும் குலை ஏற்றிய டிரெய்லரை இழுக்கவும் இந்த அளவு வண்டி போதும். புது மினி டிராக்டர் விலைக்கு நம் குலை வருமானத்தில் எங்கே போவது?

வாங்கும்போதே வண்டி பல கைகள் மாறி வந்திருந்தது. ஒவ்வொருவரும் கைக்குக் கிடைத்ததை மாட்டியிருந்தார்கள். முன்னால் ஒரு பக்கம் டிராக்டர் டயர், மறுபக்கம் வேன் டயர். ரேடியேட்டர் ஏதோ சின்னக் காருடையது. டைனமோ ஒரு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. வண்டி ஓடும், ஆனால் கொஞ்ச நேரம் புல் வெட்டினாலே கொதித்துவிடும். இதற்கு முன் காட்டிய வேறு ஊர்க் கடையில் வாட்டர் பம்ப் போயிருக்கும் என்று சொல்லி அதற்கு ஒரு விலையும் சொன்னார்கள்.

இந்தப் பட்டறையின் ஃபோர்மேன் அண்ணன் வண்டியை ஸ்டார்ட் கூடச் செய்யவில்லை. முன்மூடியைத் திறந்து ரேடியேட்டரைப் பார்த்தார், மேல் ஹோஸை விரலால் தடவிக்கொண்டே போனார், “இந்த எஞ்சினுக்கு வாட்டர் பம்பே இல்ல தம்பி, என்னத்த மாத்தச் சொன்னாங்க?” என்று கேட்டார். அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

விஷயம் இதுதான். இந்த வகை யான்மாரில் தெர்மோசைஃபன் முறை. சூடான தண்ணீர் எடை குறைந்து தானாக மேலே ஏறி ரேடியேட்டருக்குப் போகும், ஆறின தண்ணீர் கீழ் வழியாக எஞ்சினுக்குத் திரும்பும், தள்ளிவிட எதுவும் கிடையாது. அதனால் ரேடியேட்டர் உயரமாக, குழாய்கள் அகலமாக இருக்க வேண்டும். மேல் ஹோஸ் எஞ்சினிலிருந்து ரேடியேட்டர் வரைக்கும் ஏறிக்கொண்டே போக வேண்டும், தண்ணீர் மட்டம் அந்த ஹோஸின் வாய்க்கு மேலே நிற்க வேண்டும். கார் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் பம்ப் அழுத்தத்தை நம்பிச் செய்தவை. அதை இதில் மாட்டினால் பார்க்கப் பளபளவென்று இருக்கும், தண்ணீர் நகராது. என் வண்டியில் ஹோஸ் நடுவில் கூன் போட்டு இறங்கி ஏறியது, அந்தக் கூனில் காற்று வேறு தங்கிவிட்டது. பட்டறைக்குப் பின்னால் புல்லுக்குள் கிடந்த இன்னொரு யான்மாரிலிருந்து மேல் தொட்டி, கீழ்த் தொட்டி இரண்டையும் கழற்றி, நடுவில் அகலக் குழாய் வைத்த புது கோர் (தண்ணீர் ஆறும் நடுப்பகுதி) போட்டு ஈயம் பற்றவைத்துக் கொண்டுவந்தார். இப்போது நண்பகல் வெயிலில் வெட்டினாலும் கொதிப்பதில்லை.

இந்தப் பட்டறையை நான் மதிப்பது இதற்காகத்தான். பொருந்தாத சாமானைப் பொருத்துகிற ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எதைப் பொருத்தலாம், எதில் கை வைக்கவே கூடாது என்று தெரிந்தவர்கள் குறைவு. இந்த அண்ணன் இளவயதில் தோட்டத்துப் பட்டறையில் மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களோடு வேலை பழகியவர். நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு 1917இல் இந்த ஊர்ப் பக்கத்துத் தென்னமரம் எஸ்டேட்டில்தான் நடந்தது. சுற்றிலும் தோட்டமாக இருக்கும் இடத்தில் குலை ஏற்றும் வண்டி படுத்துவிட்டால் வேலை முழுக்க நின்றுவிடும், சாமான் வரும்வரை உட்கார்ந்திருக்க முடியாது. இருப்பதை வைத்து ஓட்டிப் பழகிய கை அவருடையது.

டைனமோவுக்குப் பதிலாகப் பெரோடுவா கஞ்சிலின் ஆல்டர்னேட்டரைப் போட்டார். 1994 முதல் 2009 வரை வந்த கார், பழைய கார்களை வெட்டிச் சாமான் விற்கும் ஹாஃப்கட் கடைகளில் தட்டுப்பாடே இல்லை, மின்சாரத்தை அளவாக வைக்கும் ரெகுலேட்டரும் உள்ளேயே இருக்கிறது. தடித்த இரும்புத் தகட்டில் பிராக்கெட் வெட்டி, இரண்டு புல்லிகளும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று நேரான சட்டத்தை வைத்துப் பார்த்து, அதன் பிறகுதான் வெல்டிங்கே. சார்ஜ் அருமையாக ஏறுகிறது.

பேரிங்கும் ஆயில் சீலும் யான்மார் பெட்டியில்தான் வர வேண்டும் என்று நினைத்திருந்தேன். பழைய பேரிங்கைத் துடைத்து ஓரத்தில் பொறித்திருந்த எண்ணைக் காட்டினார்: 6205. உள்விட்டம் 25 மில்லி, வெளிவிட்டம் 52, தடிப்பு 15. எந்தக் கம்பெனி செய்தாலும் இதே அளவுதான். “நம்பர் ஒண்ணா இருந்தா போதும் தம்பி, யார் செஞ்சா என்ன.” ஆயில் சீலும் அப்படியே, மூன்று அளவையும் எழுதிக்கொண்டு போனால் பேரிங் கடையிலேயே கிடைத்துவிடும். இதற்காக ஜப்பானிலிருந்து வரவழைக்கிறேன் என்று மாதக்கணக்கில் காக்க வைப்பவர்களை இனி நம்ப மாட்டேன்.

போல்ட்டு விஷயத்தில் அவர் காட்டிய நிதானத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கிளட்ச் ஹவுசிங்கில் ஒரு போல்ட்டு வெளியே நீட்டிக்கொண்டு பாதியில் நின்றது. ஸ்பேனர் போடாமல் விரலாலேயே திருப்பி எடுத்தார், நுனியில் அலுமினியத் தூள் மின்னியது. இரண்டு போல்ட்டுகளை எடுத்து மரையோடு மரை சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். இரண்டுமே 10 மில்லி, கண்ணுக்கு ஒரே மாதிரி. ஒன்றின் மரை இடைவெளி 1.25 மில்லி, ஜப்பான் வண்டிகளில் அதிகம் வருவது. இன்னொன்று கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 1.5. மரைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தது. முன்பு யாரோ 1.5ஐ முறுக்கித் திணித்திருக்கிறார்கள், ஹவுசிங்கின் மரை மொத்தமும் போய்விட்டது. பெரிய போல்ட்டாகப் போட்டுச் சமாளிக்காமல், துளையைச் சீராக்கிக் கம்பிச்சுருள் மரை ஒன்றைப் பதித்து, பழைய அளவிலேயே கொண்டுவந்தார். இப்போது அந்த இடம் புதுசைவிடப் பலமாக இருக்கிறது.

டயரில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. வேன் டயர் இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது, கொஞ்ச நாள் ஓட்டலாமே என்று கேட்டேன். முடியாது என்றார். முன்சக்கரம் இரண்டும் வேறு வேறு அளவாக இருந்தால் இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் ஓயாமல் சுற்றித் தேயும். அதைவிடப் பெரிய பிரச்சினை, நான்கு சக்கர இழுவையில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடக் கொஞ்சம் வேகமாக உருள வேண்டும், பொதுவாக 1 முதல் 5 சதவீதம். அதற்குக் கீழே போனால் முன்சக்கரம் பிரேக் பிடித்த மாதிரி இழுக்கும், ரொம்பக் கூடினால் கியர் பெட்டிக்குள் முறுக்கு ஏறி கியர் பல் போகும். டயரில் சாக்கட்டியால் கோடு போட்டு, சிமெண்டுத் தரையில் வண்டியைத் தள்ளி, முன்னும் பின்னும் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்று டேப் வைத்து அளந்து, அந்தக் கணக்குக்கு ஒத்துவரும் ஜோடி கிடைத்த பிறகுதான் மாட்டினார். அந்த ஜோடிக்காகக் காத்திருந்ததுதான் எல்லாவற்றிலும் நீண்ட காத்திருப்பு.

அப்புறம் ஸ்லேஷர், அதாவது டிராக்டருக்குப் பின்னால் மாட்டிப் புல் வெட்டும் கருவி. இதையும் டிராக்டரோடு சேர்த்து வேறொருவரிடம் வாங்கியிருந்தேன், வேறு பிராண்டு. எஞ்சின் சுழற்சியைக் கருவிக்குக் கொடுக்கும் பிடிஓ தண்டு இரண்டிலும் 6 பல் இருந்ததால் அது ஒத்துப்போனது. ஆனால் இந்த வண்டியில் கிளட்ச் ஒற்றை நிலைதான், பிடிஓவுக்கென்று தனி கிளட்ச் கிடையாது. அதனால் கிளட்சை மிதித்தாலும் சுற்றிக்கொண்டிருக்கும் பிளேடின் வேகம் தண்டு வழியாகத் திரும்பி வந்து வண்டியை முன்னால் தள்ளும். வாய்க்கால் ஓரத்தில் வெட்டுகிறவர்களுக்கு இது உயிர் போகிற விஷயம். நடுவில், ஒரு திசையில் மட்டும் சுழற்சியைக் கடத்தும் ஓவர்ரன்னிங் கிளட்ச் ஒன்று போடாமல் ஸ்லேஷரை மாட்டித் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார், சுற்றும் தண்டுக்குத் தகரக் காப்பும் அடித்துக் கொடுத்தார். நான் கேட்கவே இல்லை. ஸ்லேஷர் வைத்திருக்கும் எத்தனையோ பேர் வண்டியில் இது இல்லை, தயவுசெய்து இன்றே பாருங்கள்.

டீசல் ரிட்டர்ன் குழாயில் இருந்த கசிவையும் பார்த்து மாற்றினார். 2024 ஜூனில் தீபகற்பத்தில் டீசல் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறிய பிறகு சொட்டுச் சொட்டாகப் போவதும் கணக்குதான்.

இனி குறைகள். வேலை மெதுவாக நடக்கிறது, ரொம்பவே மெதுவாக. தைப்பூசத்தை ஒட்டிக் கொடுத்தேன், பத்துமலை போய் வந்த கூட்டமெல்லாம் வேலைக்குத் திரும்பி வெகுநாள் கழித்துத்தான் வண்டி கைக்கு வந்தது. போன் எடுக்க மாட்டார், வாட்ஸ்அப் செய்தால் மறுநாள் குரல் செய்தி வரும். முன்கூட்டியே மொத்தச் செலவைச் சொல்ல மாட்டார், திறந்து பார்த்தால்தான் தெரியும் என்பார். அது நியாயம்தான், ஆனாலும் கையில் அளவாகப் பணம் வைத்திருப்பவருக்கு அது கஷ்டம். பெயிண்டை பிரஷ்ஷால் அடித்திருக்கிறார், கிட்டே போனால் கோடு தெரிகிறது. விளக்குக்கு ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிளுடையதைப் போட்டார், அந்தி வெளிச்சத்துக்குச் சரி, இருட்டில் வேலை செய்யப் போதாது. சீட்டு ஃபோர்க்லிஃப்ட்டுடையது, உட்கார நன்றாக இருக்கிறது, ஆனால் குட்டையானவர்களுக்குக் கிளட்ச் எட்டாது, என் தம்பிக்கு ஒரு மெத்தையை முதுகுக்குப் பின்னால் வைக்க வேண்டியிருக்கிறது.

செலவு மொத்தமாக நாலாயிரம் வெள்ளியைக் கொஞ்சம் தாண்டியது. டயரும் ரேடியேட்டர் கோரும்தான் பெரிய தொகை. கடையில் வாங்கிய ஒவ்வொரு சாமானுக்கும் ரசீதை ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு வைத்திருந்து கையில் கொடுத்தார், கூலியைத் தனியாகச் சொன்னார். பழைய டைனமோ, வேன் டயர், கார் ரேடியேட்டர் எல்லாவற்றையும் டிரெய்லரில் ஏற்றித் திருப்பி அனுப்பினார். இப்படிச் செய்கிற பட்டறை எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

போகிறவர்கள் காலையிலேயே போங்கள், ஞாயிறு மதியத்துக்கு மேல் பூட்டியிருக்கும். உடைந்த சாமானைத் தூக்கிப் போடாமல் கையோடு எடுத்துப் போங்கள், அவர் எண்ணையும் அளவையும் அதில்தான் பார்ப்பார். ஸ்லேஷர், ரோட்டவேட்டர் எது இருந்தாலும் வண்டியோடு சேர்த்தே இறக்குங்கள், மாட்டிப் பார்க்காமல் அவர் வேலையை முடித்துத் தருவதில்லை.