புது போனா, புது பேட்டரியா?

மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது என்றே பலர் புது போன் தேடுகிறார்கள். பெரும்பாலும் களைத்திருப்பது போன் இல்லை, பேட்டரிதான். லித்தியம் அயான் பேட்டரி சில நூறு முழுச் சார்ஜ் சுற்றுகளுக்குப் பின் தளர்ந்துவிடும். செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த் (சார்ஜ் அளவு அல்ல, புதிதில் இருந்த கொள்ளளவில் எவ்வளவு மீதி என்பது) 80 சதவீதத்துக்குக் கீழே காட்டினால், அதை மட்டும் மாற்றுங்கள் என்பதே என் கட்சி. ஆனால் பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போனுக்கு அந்தச் செலவு வீண். அப்போது புதியதே சரி.

அப்புறம், சார்ஜ் எப்படி? வயர்லெஸ் வசதிதான், ஆனால் மின்சாரத்தில் ஒரு பங்கு வெப்பமாகப் போகும். சூடு பேட்டரிக்கு நல்லதல்ல. கேபிளில் விரயம் குறைவு, பொதுவாக வேகமும் அதிகம். புதியது வாங்கினால் பெட்டிக்குள் சார்ஜர் இருக்கிறதா என்று பாருங்கள். பல மாடல்களில் வெறும் கேபிள்தான்.