ரூன்குவெஸ்ட்: அடி எங்க பட்டுச்சுன்னு கேக்குற கேம்

மலேசியால சுங்கை சிப்புட்ல நாங்க அஞ்சு பேர் சனிக்கிழமை ராத்திரி எங்க வீட்டு வாசல்ல மேசை போட்டு ரோல்பிளே கேம் (ஆளுக்கு ஒரு கேரக்டரா மாறி, டைஸ் உருட்டிக் கதையை நகத்துற ஆட்டம்) ஆடுறோம், ரொம்ப நாளா டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அஞ்சாவது எடிஷன்தான், போன வருஷம் ரூன்குவெஸ்டுக்கு மாறிட்டோம், 2018ல கேயோசியம் கம்பெனி கொண்டு வந்த எடிஷன். அதோட உலகம், சாமி, சடங்கு எல்லாம் பெரிய கதை, இப்ப நான் சொல்லப்போறது சண்டைல அடிபடுற ரூல்ஸ் மட்டும்தான், நாங்க மாறுனதே அதுக்காகத்தான்.

டன்ஜன்ஸ்ல 40 ஹிட் பாயிண்ட் (எவ்ளோ அடி தாங்குவான்ங்கிற நம்பர்) இருக்குற ஆளுக்கு 39 போயிட்டாலும் அதே வேகத்துல வெட்டுவான், ஒரு ராத்திரி லாங் ரெஸ்ட் எடுத்தா காலைல எல்லாம் திரும்பி வந்துடும். ஹிட் பாயிண்ட்னா வெறும் உடம்பு இல்ல, மனத்தெம்பு, அதிர்ஷ்டம் எல்லாம் சேர்ந்ததுன்னு அந்தப் புத்தகமே சொல்லுது, அது சரிதான், ஆனா மேசைல உக்காந்தா நம்பர் குறையுறது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுது, யாருக்கும் பயமே வரல.

எங்கப்பா செம்பனைத் தோட்டத்துல குலை வெட்டுனவரு. ஒரு தடவ மட்டை தோள்ல விழுந்து ஒன்றரை மாசம் கையைத் தூக்க முடியல, ஆனா உதிரிப் பழம் பொறுக்கப் போனாரு. பக்கத்து வீட்டு மாமாவுக்குக் கால்ல அடி, அவரால அதுவும் முடியல, வீட்லயேதான் கெடந்தாரு. ரெண்டு பேருக்கும் அடிதான், எந்த இடம்ங்கிறதுதான் வித்தியாசம், எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச இந்த விஷயத்தை ஒரு கேம் கணக்குல எடுத்துக்கிட்டதைப் பாத்தப்போ எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

அடி விழுந்ததும் இருபது பக்க டைஸ் உருட்டணும். 1லேருந்து 4 வலது கால், 5லேருந்து 8 இடது கால், 9லேருந்து 11 வயிறு, 12 நெஞ்சு, அப்புறம் ரெண்டு கை, 19, 20 வந்தா தலை. மொத்தம் 11 ஹிட் பாயிண்ட் உள்ள ஆளுக்குக் கைல 3, கால்ல 4, நெஞ்சுல 5தான், வாள் ஒரு வெட்டுல 1d8+1 (எட்டுப் பக்க டைஸ் உருட்டி ஒண்ணு கூட்டுனது) டேமேஜ் கொடுக்கும், அதனால கவசம் இல்லாத கை பெரும்பாலும் ஒரே வெட்டுல வேலை செய்யாம போயிடும். கை போனா பிடிச்சிருக்குறது கீழ விழுந்துடும், கால் போனா ஆளே விழுந்துடுவான், ஆனா தரைல கெடந்துக்கிட்டே சண்டை போடலாம். கவசமும் அந்தந்த இடத்துக்குத்தான், அதனால இருக்குற காசுக்கு ஹெல்மெட் வாங்குறதா காலுக்கு வாங்குறதான்னு எங்க தம்பி ஒரு ராத்திரி பூரா யோசிச்சான்.

இந்த யோசனை புதுசு இல்ல, 1978ல வந்த மொத எடிஷன்லயே இருக்கு. அதை எழுதுன ஸ்டீவ் பெரின் கவசம் போட்டு மத்தியகாலச் சண்டையை நெஜமாவே ஆடுற அமெரிக்கச் சங்கத்துல இருந்தவரு, அது ரூல்ஸ்ல நல்லாவே தெரியுது.

குறையும் இருக்கு. ஒவ்வொரு அடிக்கும் இடம் பாத்து, கவசம் கழிச்சு, அந்த இடத்துலயும் மொத்தத்துலயும் ரெண்டு தடவ கணக்கு எழுதணும், ஆறு எதிரி வந்தா நான் மூணு பேப்பர் வச்சுக்கிட்டுத் தடுமாறுறேன். அதைவிட பெரிய குறை ஹீல் மந்திரம்தான். அது ரொம்ப சுலபமா கிடைக்கும், கொஞ்சம் மேஜிக் பாயிண்ட் செலவு பண்ணா தொங்கிட்டுக் கெடந்த கை அடுத்த நிமிஷமே வாள் தூக்குது, அப்புறம் எதுக்கு இவ்ளோ கணக்கு? நாங்க வீட்டு ரூல் ஒண்ணு வச்சோம், ஹீல் போட்டா ரத்தம் நிக்கும், பாயிண்ட் ஏறும், ஆனா வேலை செய்யாம போன கை அந்த வாரம் முழுக்க பாதித் திறமைலதான் இருக்கும். மொதல்ல எல்லாரும் சண்டைக்கு வந்தாங்க, இப்ப யாரும் அதை எடுக்க விடமாட்டேங்கிறாங்க.

அடிதடியே வேண்டாம்னு நெனைக்கிற குரூப்புக்கும், வாராவாரம் நாலு சண்டை வேணும்ங்கிற குரூப்புக்கும் இது சரிப்பட்டு வராது. ஒரு ராத்திரிக்கு ஒரே சண்டை, அதுவும் போடலாமா ஓடிடலாமான்னு அரை மணி நேரம் பேசிட்டுப் போடுற ஆளுங்கன்னா கண்டிப்பா வாங்குங்க. போன வாரம் எங்க தம்பி கேரக்டருக்கு இடது கால் போயிடுச்சு, மத்தவங்க அவனைத் தூக்கிட்டு ஆத்தைக் கடக்கணும், இந்த சனிக்கிழமை அங்கேருந்துதான் ஆட்டம்.