முகப்பில் 400, உள்ளே 160: வெல்டிங் மெஷின் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கலப்பை, டிரெய்லர், கேட் வேலைகளைத் தோட்டத்துப் பட்டறையிலேயே பார்த்துக்கொள்ளும் விவசாயிகளுக்காக இதை எழுதுகிறேன். நான் இருப்பது காங்கேயம் பக்கம். ஆனால் என் தலையில் கட்டப்பட்டது போன்ற பெட்டிகளை, வேறு வேறு நிறங்களில், பல ஊர்க் கடைகளில் பார்த்துவிட்டேன். கடையின் பெயரை இங்கே சொல்லவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது.

வாங்கியது ஓர் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின். முகப்பில் கொட்டை எழுத்தில் 400. கரண்ட் கூட்டிக் குறைக்கும் திருகைச் சுற்றியும் 400 வரை கோடு போட்டிருந்தது. "நாலு எம்எம் ராடை (உருகி இரும்பை ஒட்டும் வெல்டிங் குச்சி) நாள் முழுக்க ஓட்டலாம், சூடே ஆகாது" என்றார் கடைக்காரர். கூடவே பத்து மீட்டர் கேபிளும் கொடுத்தார். கம்பியின் குறுக்குப் பரப்பு 35 ஸ்கொயர் எம்எம், சுத்தமான காப்பர் என்று சொல்லி அதற்குத் தனியாகவே விலை போட்டார்.

புரட்டாசி மழைக்கு முன்னால் சோளக்காட்டை உழுதாக வேண்டும். ஒன்பது கொழுக் கலப்பையின் சட்டத்தில் விரிசல் விட்டிருந்தது. விரிசலைக் கிரைண்டரால் வாய்க்கால் போல அரைத்து எடுத்து, 4 எம்எம் ராடு போட்டேன். அந்த ராடுக்கு 140 முதல் 180 ஆம்பியர் வரை வேண்டும். 400 ஆம்பியர் மெஷினுக்கு இது விளையாட்டு வேலையாக இருந்திருக்க வேண்டும். ராடு ஒட்டிக்கொண்டே இருந்தது. திருகைக் கடைசி வரை திருகினாலும் பெரிய மாற்றம் இல்லை. கொஞ்ச நேரத்தில் மஞ்சள் விளக்கு எரிந்து மெஷின் தானாக நின்றது. ஆறவைத்து மறுபடி ஓட்டினால் மறுபடி மஞ்சள் விளக்கு. ராடைக் கவ்விப் பிடிக்கும் ஹோல்டர் பக்கம் கேபிள் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது.

எப்படியோ முடித்தேன். மேலே பார்க்க வெல்டிங் தையல் அழகாகத்தான் இருந்தது. காட்டில் முதல் கல்லில் மாட்டியதும் பிளந்துகொண்டது. உடைந்த முகத்தைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது: கிரைண்டர் போட்ட கீறல்கள் அடியில் அப்படியே இருந்தன. ராடு மட்டும் உருகி மேலே படிந்திருக்கிறது. சட்டத்தின் இரும்பு உருகவே இல்லை. ராடு ஈரமாக இருந்திருக்கும் என்று சொல்ல நினைப்பவர்களுக்கு: புதிதாகப் பிரித்த பாக்கெட், 6013 என்ற சாதாரண ரக ராடு.

கரண்டை அளந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சாதாரண கிளாம்ப் மீட்டர் (வயரைச் சுற்றிக் கவ்விக் கரண்டை அளப்பது) ஏசி மின்சாரத்தை மட்டும்தான் அளக்கும். இந்த மெஷின் தருவது டிசி. அதனால் டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரைத் தேடிப்பிடித்து இரவல் வாங்கினேன். திருகு 400இல் நிற்க, ராடு எரிந்துகொண்டிருக்கும்போதே மீட்டர் 160ஐத் தாண்டவில்லை.

உண்மையில் இதற்கு மீட்டர்கூடத் தேவையில்லை, பெருக்கல் தெரிந்தால் போதும். ராடு வெல்டிங்குக்கான தர விதிப்படி, எந்தக் கரண்டுக்கு எத்தனை வோல்ட் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: கரண்டை 0.04ஆல் பெருக்கி 20ஐக் கூட்ட வேண்டும். 400 ஆம்பியருக்கு 36 வோல்ட் வருகிறது. 400ஐ 36ஆல் பெருக்கினால் 14,400 வாட். வீட்டு லைன் 230 வோல்ட். ஒரு துளி இழப்பும் இல்லாத மெஷின் என்றே வைத்துக்கொண்டாலும், சுவரிலிருந்து 62 ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். இவர்கள் இந்த மெஷினோடு கொடுப்பது 16 ஆம்பியர் பிளக்! அதன் வழியாக வரக்கூடியது 3,680 வாட். அதை வைத்து 400 ஆம்பியர் ஓட்டுவது நடக்கவே நடக்காத காரியம். 200 ஆம்பியருக்கே 5,600 வாட் வேண்டும் என்பதால் அதற்கும் அந்த பிளக் போதாது.

அடுத்தது கேபிள். ஒரு முனையில் கொஞ்சம் வெட்டி உள் இழைகளைப் பிரித்தேன். செம்பு நிறம்தான். பிளேடால் லேசாகச் சுரண்டினால் உள்ளே வெள்ளை. அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியிருக்கிறார்கள். லைட்டர் தீயில் ஓர் இழையைப் பிடித்தால் சந்தேகமே வேண்டாம். செம்பு இழை சிவந்து கறுத்தாலும் அப்படியே நிற்கும். இது துவண்டு, உருண்டு, விழுந்துவிட்டது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், செம்புக்கு 1,085 டிகிரி வேண்டும்.

சொன்ன பருமனாவது உண்மையா? இழையின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, 0.785ஆல் பெருக்கி, இழைகளின் எண்ணிக்கையாலும் பெருக்கினால் ஸ்கொயர் எம்எம் கிடைக்கும். என் கேபிள் 20ஐக்கூட எட்டவில்லை. மெல்லியது, அதோடு அலுமினியம். சொன்ன சரக்கோடு ஒப்பிட்டால் மின்தடை இரண்டரை மடங்குக்கு மேல் வருகிறது. பிறகு ஏன் சுடாது?

கடையிலேயே வெட்டிப் பார்க்க விடமாட்டார்கள். எடை போடச் சொல்லுங்கள். 35 ஸ்கொயர் எம்எம் செம்புக் கம்பி ஒரு மீட்டருக்கு 310 கிராமுக்கு மேல் இருக்கும். பத்து மீட்டருக்கு உறை இல்லாமலே மூன்று கிலோவைத் தாண்ட வேண்டும். எனக்குக் கொடுத்தது உறையோடு சேர்த்தே இரண்டு கிலோவைத் தொடவில்லை.

கடைக்காரரின் பதில்கள் வரிசையாக வந்தன. முதலில், "உங்கள் ஊரில் வோல்டேஜ் குறைவாக இருக்கும்." வீட்டு மீட்டரிலிருந்து 6 ஸ்கொயர் எம்எம் வயர் இழுத்து, 32 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) போட்டு, பட்டறைக்குத் தனி லைன் வைத்திருக்கிறேன். (மோட்டாருக்குத் தரும் இலவச மின்சாரத்தில் ஓட்டினேன் என்ற பேச்சுக்கும் இடமில்லை.) வேலை நடக்கும்போதே அளந்ததில் 220க்குக் கீழே இறங்கவில்லை. அந்தப் படத்தையும் அனுப்பினேன். அடுத்து, "கேபிளை வெட்டிவிட்டீர்கள், வாரண்டி போய்விட்டது." கடைசியாகத்தான் உண்மைக் காரணம் வந்தது: "அண்ணா, 400 என்பது மாடல் பெயர். ஆம்பியர் என்று நாங்கள் எங்கே எழுதியிருக்கிறோம்?"

பில்லை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான், வெறும் 400. ஆம்பியர் என்ற சொல் பெட்டியிலும் இல்லை, பில்லிலும் இல்லை. இவ்வளவு கவனமாக அந்த ஒரு சொல்லைத் தவிர்த்தவர்களுக்குத் தாங்கள் விற்பது என்னவென்று தெரியாமல் இருக்குமா?

ஒழுங்கான மெஷினின் பின்புறத்தில் கட்டம் கட்டமாக ஒரு தகவல் பலகை இருக்கும். அதில் எக்ஸ் என்ற எழுத்துக்கு நேரே சதவீதமும், அதற்குக் கீழே ஆம்பியரும் வோல்ட்டும் அச்சிட்டிருப்பார்கள். 60 சதவீதத்துக்கு 200 ஆம்பியர், 28 வோல்ட் என்று இருந்தால், 40 டிகிரி வெப்பத்தில், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் 200 ஆம்பியரில் ஓட்டலாம் என்று அர்த்தம். முகப்பு எழுத்தை மறந்துவிட்டு இந்தப் பலகையை மட்டும் படியுங்கள். என் மெஷினில் அந்த இடத்தில் ஒரு பளபளப்பான ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். பில்லிலும் ஆம்பியர், சதவீதம், கேபிள் முழுச் செம்பு என்ற மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்கவே வேண்டாம்.

மெஷினைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. 2.5 எம்எம் ராடில் கேட், மாட்டுத் தொழுவக் கம்பி வேலைகளுக்கு ஓடுகிறது. கலப்பைச் சட்டத்தை வெளிப் பட்டறையில் கூலி கொடுத்துத்தான் ஒட்டினேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்த பிறகு கேபிள் பணம் மட்டும் திரும்பி வந்தது. மெஷினுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ருதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பில், பெட்டியின் படம், திருகு 400இல் இருப்பதும் மீட்டர் காட்டுவதும் ஒரே சட்டகத்தில் தெரியும் படம், வெட்டிய கேபிளின் துண்டு, இவற்றைப் பத்திரமாக வைத்திருங்கள்.

மனுவைத் திரும்பப் பெற்றால் பாதிப் பணம் தருவதாகக் கடைக்காரர் போன வாரம் போனில் சொன்னார். முழுப் பணத்தோடு வெளிப் பட்டறைக் கூலியையும் தந்தால் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.