கறுப்பு வீட் மேட், கண்ணாடி ஷீட்: எந்தக் களைக்கு எது?

காய்கறிப் பாத்திகளில் களை வராமல் மண்மேல் விரிக்கும் நெய்த கறுப்பு வீட் மேட்டையும், ஒரு ஓரத்தில் கண்ணாடி ஷீட் என்கிற, வெளிச்சம் புகும் மெல்லிய பாலிதீன் ஷீட்டையும் விரித்துப் பயன்படுத்திப் பார்த்தாயிற்று. விதையிலிருந்து வரும் களைக்குக் கறுப்பு மேட் நன்றாகவே வேலை செய்கிறது, கோரைக்கு உதவாது. கண்ணாடி ஷீட் கொளுத்தும் வெயில் காலத்தில் மட்டும் தேறும். அவசரக்காரர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மேட் களையை மூச்சுமுட்டச் செய்து கொல்கிறது என்று விளம்பரம் செய்கிறார்கள். நெய்த மேட்டில் தண்ணீரும் காற்றும் தாராளமாக இறங்குகின்றன, அப்புறம் எங்கே மூச்சுமுட்டுவது? அது செய்வது வேறு வேலை. குப்பைக்கீரை மாதிரியான களைகளின் விதை மிகச் சிறியது, உள்ளே இருக்கும் கட்டுச்சோறு கொஞ்சம்தான், ஆழத்தில் கிடந்து முளைத்தால் மேலே வந்து சேர்வதற்குள் தீர்ந்துவிடும். அதனால் இப்படிப்பட்ட பல விதைகள், தாம் மேல்மண்ணுக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறோமா என்று தெரிந்த பிறகே முளைக்கின்றன. அதைச் சொல்வது வெளிச்சமும் வெப்பமும்.

வெளிச்சத்தைப் பார்க்கும் நிறமிக்குப் பைட்டோகுரோம் என்று பெயர். 660 நானோமீட்டர் அலைநீள அளவிலுள்ள சிவப்பு ஒளி பட்டால் அது விழித்துக்கொள்ளும், 730 அளவிலுள்ள தொலைசிவப்பு ஒளி பட்டால் திரும்பவும் அடங்கிவிடும். 1952-இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வுக்கூடத்தில் லெட்யூஸ் விதைகளுக்கு இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள்: கடைசியாகப் பட்டது எதுவோ அதன்படிதான் விதை முளைப்பதும் முளைக்காததும். இலைகள் சிவப்பை உறிஞ்சிக்கொண்டு தொலைசிவப்பை விட்டுவிடுவதால், அடர்ந்து வளர்ந்த பயிரின் நிழலில் இந்த வகை விதைகள் பேசாமல் கிடக்கின்றன. மண்ணுக்குள் வெளிச்சம் சில மில்லிமீட்டருக்கு மேல் இறங்குவதே இல்லை. கொத்தும்போது மண் புரண்டு ஒரு கணம் வெளிச்சம் பட்டாலே சில விதைகளுக்குப் போதும், அதனால்தான் களை எடுத்த கையோடு அடுத்த கூட்டம் கிளம்புகிறது. மேட் விரித்தால் கொத்துவதும் இல்லை, வெளிச்சமும் இல்லை. எனக்கு இதில் பிடித்த முதல் விஷயம் இதுதான்.

வெப்பத்தின் கதை இன்னும் நுட்பமானது. எவ்வளவு சூடு என்பதோடு, பகலுக்கும் இரவுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதையும் பல விதைகள் பார்க்கின்றன. வெறும் மண்ணின் மேற்பரப்பு பகலில் கொதித்து இரவில் குளிரும், ஆழம் போகப் போக அந்த ஏற்ற இறக்கம் குறையும். சீரான வெப்பத்தில் இருட்டில் அசையாமல் கிடக்கும் சில விதைகள், ஏற்ற இறக்கம் கிடைத்ததும் இருட்டிலேயே முளைத்துவிடும். இந்த இடத்தில் கனமான வைக்கோல் மூடாக்குதான் மேட்டை முந்துகிறது, வெளிச்சத்தையும் மறைக்கும், வெப்பத்தின் ஆட்டத்தையும் அடக்கும். கறுப்பு மேட் வெயிலில் தானே சூடாகி, மண்ணோடு ஒட்டிக்கிடந்தால் அந்தச் சூட்டைக் கீழேயும் கடத்துகிறது. மேட்டைத் தூக்கிப் பார்த்தால் வெளிறிய மஞ்சள் தண்டுகள் நீளமாக ஓடிக்கிடக்கும். பயப்பட வேண்டாம், வெளிச்சம் கிடைக்காமல் அவை அப்படியே செத்துப்போகும்.

குறைகள் இருக்கின்றன. மட்டமான மேட்டை வெயிலுக்கு நேராகப் பிடித்தால் நட்சத்திரம் மாதிரி புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரியும், இழுத்து விரித்தால் புள்ளிகள் இன்னும் பெரிதாகும், மெல்லிய புல் அந்த வழியாகவே தலை நீட்டும். வாங்கும்போது அட்டையில் போட்டிருக்கும் ஆயுள் கணக்கை விட்டுவிட்டு, ஒரு துண்டின் அடியில் போன் டார்ச்சை வைத்துப் பாருங்கள். நாற்று நடப் பெரிய வட்டமாக வெட்டாமல் குறுக்கே பெருக்கல் குறி போட்டு மடக்கினால் போதும், ஏனென்றால் வெளிச்சம் தாராளமாகப் புகும் வாசல் அந்த ஓட்டைதான், களையும் சரியாக அங்கேதான் வரும். காலப்போக்கில் மேட்டின் மேல் மண் படிந்து, காற்றில் வந்த விதை அதிலேயே முளைத்து, வேர் நெசவுக்குள் இறங்கிவிடும். அவ்வப்போது கூட்டித் தள்ளவில்லையென்றால் பிடுங்கும்போது மேட்டும் சேர்ந்து கிழியும்.

கோரைக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. கிழங்கில் சாப்பாடு இருக்கிறது, முளையின் நுனி ஊசி மாதிரி, பாத்தியை மூடும் பிளாஸ்டிக் மல்ச்சிங் ஷீட்டையே குத்திக்கொண்டு வரும்.

இப்போது கண்ணாடி ஷீட். 1976-இல் இஸ்ரேலில் காட்டான் (Katan) என்ற ஆய்வாளரின் குழுவினர் வெளியிட்ட மண் வெயிலூட்டும் முறைக்கு வேண்டியது இதுதான். 25 முதல் 50 மைக்ரான் தடிமன் போதும், கனமானது நல்லது என்று நினைத்து வாங்காதீர்கள். மண்ணை நன்றாக நனைத்து, இழுத்துப் பிடித்து விரித்து, ஓரங்களை மண்ணால் மூடி, உச்சக் கோடையில் 4 முதல் 6 வாரம் விட்டால், மண்ணின் மேல் 5 சென்டிமீட்டரில் சூடு 50 டிகிரி செல்சியஸைக்கூடத் தாண்டும். ஈரம் குடித்து ஊறிய விதை இந்தச் சூட்டைத் தாங்காது. கறுப்பு ஷீட்டில் இது இவ்வளவு நடக்காது, அது வெயிலைத் தானே உறிஞ்சி, ஒரு பகுதியைக் காற்றுக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். ஆனால் மேகமூட்டமான காலத்தில் கண்ணாடி ஷீட் விரித்தால் வெளிச்சம், ஈரம், இதமான சூடு மூன்றும் கிடைத்து, களைக்கு நாமே பசுமைக்குடில் கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். நல்ல வெயிலிலும் கெட்டித் தோல் உள்ள சில பயறு வகைக் களை விதைகள் தப்பும், கோரையும் பெரும்பாலும் தப்பும்.

எந்த ஷீட்டாக இருந்தாலும் 'இனி களையே வராது' என்று சொன்னால் நம்பாதீர்கள். 1879-இல் அமெரிக்காவில் பீல் என்ற தாவரவியலாளர் விதைகளைப் புட்டிகளில் போட்டுப் புதைத்து வைத்தார், 2021-இல் ஒன்றைத் தோண்டி எடுத்தபோதும் சில விதைகள் முளைத்தன. மேட் பெரும்பாலும் விதைகளைத் தூங்கத்தான் வைக்கிறது, எடுத்தால் எழுந்துவிடும். அதனால் நீண்ட நாள் நிற்கும் பயிருக்கு மேட் வாங்குங்கள், அதை அடிக்கடி கழற்றி மாட்டாதீர்கள். கோடையில் சும்மா கிடக்கும் பாத்திக்குக் கண்ணாடி ஷீட் போடலாம், எடுத்த பிறகு மண்ணை ஆழமாகக் கொத்தாமல் மேலாகக் கீறி நடுங்கள், அடியில் வேகாத விதைகள் நிறையவே இருக்கும்.