எழுபது பெரிதா, ஐம்பது பெரிதா? கல்வி நிதியுதவிகளை எடைபோடும்போது

நண்பர் ஒருவர் தன் மகளுக்கு இரண்டு கல்லூரிகளிலிருந்து வந்த கடிதங்களைப் படம் எடுத்து அனுப்பி, "எதை எடுக்கலாம், சொல்லு" என்றார். இரண்டு இடத்திலும் வருடச் செலவு ஏறத்தாழ ஒன்றுதான். கணக்கு எளிதாக இருக்கட்டும், அதை நூறு என்று வைத்துக்கொள்வோம். முதல் கடிதத்தில் கொட்டை எழுத்தில் "மொத்த நிதியுதவி 70". இரண்டாவதில் 50.

எழுபதுதானே பெரிது? கொஞ்சம் கீழே இறங்கிப் படித்தால், அதில் 35 கல்விக் கடன். 10 வளாகத்தில் பகுதி நேர வேலை பார்த்துச் சம்பாதிக்க வேண்டியது. திருப்பித் தர வேண்டாத பணம் 25 மட்டும். இரண்டாவது கடிதத்தின் 50 முழுக்க ஸ்காலர்ஷிப். கடனையும் சம்பளத்தையும் 'உதவி' என்ற ஒரே தலைப்பில் கூட்டிக் காட்டுகிற கல்லூரிகள் ஏராளம். பேனாவை எடுத்து அந்த இரண்டையும் அடித்துவிட்டு மறுபடி கூட்டுங்கள். ஒப்பிட வேண்டிய தொகை அப்போதுதான் கிடைக்கும்.

அப்படியானால் ஐம்பதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்றார் நண்பர். அவசரப்பட வேண்டாம் என்றேன். அந்தக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி: கிரேடு சராசரி, முழு அளவு 4 என்று வைத்தால், 3.5-க்குக் குறையக் கூடாது.

மதிப்பெண் பார்த்துத் தரும் ஸ்காலர்ஷிப்பின் குணமே இது. விண்ணப்பிப்பது சுலபம்: மார்க் பட்டியல், ஒரு கட்டுரை, ஆசிரியர் பரிந்துரை. பல இடங்களில் தனி விண்ணப்பம்கூட வேண்டாம், சேர்க்கைக்குப் போட்டதே போதும். வீட்டு வருமானத்தைப் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். ஆனால் பணம் வாங்கிய பிறகுதான் பரீட்சை ஆரம்பம். பள்ளியில் முதலிடம் வந்த பிள்ளையும் கல்லூரி முதல் வருடத்தில், அதுவும் பொறியியல் போன்ற படிப்பில், 3.42-இல் வந்து நிற்பது சகஜம். அந்த 0.08 போனால் இரண்டாம் வருடம் ஐம்பதும் போகலாம். கல்லூரியிடம் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு. இந்த ஸ்காலர்ஷிப் வாங்கியவர்களில் எத்தனை பேர் இரண்டாம் வருடமும் வாங்குகிறார்கள்? சராசரி இறங்கினால் ஒரு பருவமாவது அவகாசம் உண்டா? பதில் மழுப்பலாக வந்தால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குடும்ப நிலைமை பார்த்துத் தரும் உதவி, முதல் கடிதத்தின் 25 இந்த ரகம், இதற்கு நேர் எதிர். இதில் நாய் படாத பாடெல்லாம் வாசலிலேயே. வருமானம், வரிக் கணக்கு, சேமிப்பு, வீட்டில் எத்தனை பேர் என்று துருவித் துருவிக் கேட்பார்கள். உள்ளே போய்விட்டால் படிப்பு நிபந்தனை பொதுவாக இளகியது, தேறி முன்னேறிக்கொண்டிருந்தால் போதும். அமெரிக்க அரசின் உதவிக்கு, நான்கு வருடப் படிப்பை ஆறு வருடத்துக்குள் முடிக்கிற வேகம் வேண்டும் என்பது கணக்கு. 3.5 சராசரியைக் காப்பாற்றும் கவலையோடு இதை ஒப்பிடவே முடியாது. ஒன்று மட்டும் உண்டு, விண்ணப்பத்தை வருடா வருடம் புதிதாகப் போட வேண்டும். வீட்டு வருமானம் ஏறினால் உதவி இறங்கும்.

'தேவை' என்பது வீட்டுக்கு வீடு மட்டுமல்ல, படிவத்துக்குப் படிவமும் மாறும். அமெரிக்க அரசின் ஃபாஃப்சா படிவம் குடியிருக்கும் சொந்த வீட்டின் மதிப்பைக் கேட்பதில்லை. அங்குள்ள பல தனியார் கல்லூரிகள் கூடுதலாக நிரப்பச் சொல்லும் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற படிவமோ அதைக் கேட்கிறது. ஒரே குடும்பம், ஒரே வருடம், இரண்டு விதமான 'தேவை'. இன்னொன்று: ஃபாஃப்சா கணக்கில் பிள்ளை பெயரில் உள்ள சேமிப்பில் 20 சதவீதம் படிப்புக்கு எடுக்கக்கூடியது என்று வைப்பார்கள். பெற்றோர் பெயரில் இருந்தால் அதிகபட்சம் 5.64 சதவீதம்தான். "பிள்ளை பேரில் போட்டு வைத்தேன்" என்று பெருமைப்படும் அப்பாக்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நெளிவார்கள்.

வெளி அமைப்பு ஒன்றில் தனியாக ஸ்காலர்ஷிப் வாங்கினால், கல்லூரி தன் உதவியை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளவும் கூடும். அலைந்து திரிந்து வாங்கியது பிள்ளை, மிச்சம் கல்லூரிக்கு. எதைக் குறைப்பீர்கள், கடனையா உதவித்தொகையையா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்வது நல்லது.

இனி கடன். எல்லாக் கடனும் ஒன்றல்ல. வங்கிக் கடனுக்குத் தகுதி என்பது பெரும்பாலும் கூடக் கையெழுத்துப் போடுபவரின் தகுதி, அதாவது ஜாமீன், வரவு, பழைய கடன் வரலாறு. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தவணை அதே தேதியில் வந்து நிற்கும். தவணையை வருமானத்தோடு இணைத்த கடன் வேறு ரகம். ஆஸ்திரேலியா 1989-இல் இதை நாடு முழுக்கக் கொண்டுவந்தது. சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் பிடித்தம். இங்கிலாந்தில் வரம்புக்கு மேல் சம்பாதிப்பதில் 9 சதவீதம் போகும். 2012 முதல் சேர்ந்தவர்களுக்கு 30 வருடத்தில் மிச்சக் கடன் தள்ளுபடி, 2023 ஆகஸ்ட் முதல் சேர்ந்தவர்களுக்கு அது 40 வருடம். இது நிம்மதிதான், ஆனால் இலவசம் இல்லை. அப்போது விலைவாசியோடு சேர்ந்து ஏறிய ஆஸ்திரேலியக் கடன் 2023-இல் ஒரே அடியாக 7.1 சதவீதம் ஏறியது; 2024-இல் சட்டத்தைத் திருத்தித்தான் அந்த ஏற்றத்தை 3.2 சதவீதமாகக் குறைத்தார்கள். இருந்தாலும் இரண்டில் ஒன்று என்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன், கிடைக்கிற நாட்டில் இருந்தால்.

பகுதி நேர வேலையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அது முன்கூட்டி வரும் பணம் இல்லை. வேலை பார்த்தால் வரும், பார்க்காவிட்டால் வராது. ஃபீஸ் கட்டும் நாளில் அதை நம்ப முடியாது.

சரி, நண்பருக்கு வருவோம். அவர் படிவத்தில் கொடுத்திருந்தது இரண்டு வருடத்துக்கு முந்தைய வருமானம். பழைய வரிக் கணக்கை வைத்துத்தான் பல இடங்களில் கணக்குப் போடுகிறார்கள். இதற்கிடையில் அவர் மனைவிக்கு வேலை போயிருந்தது. படிவத்தில் அதற்கு ஒரு கட்டமும் இல்லாததால் பேசாமல் இருந்துவிட்டார். மறுபரிசீலனை கேட்கலாம் என்றே அவருக்குத் தெரியாது. அரைப் பக்கக் கடிதம், வேலை நீக்க உத்தரவின் நகல், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு. புலம்பல் ஒரு வரிகூட வேண்டாம், பழைய வருமானம் இவ்வளவு, இப்போது இவ்வளவு என்று மட்டும் எழுதச் சொன்னேன். முதல் கல்லூரிக்கு அனுப்பினார்.

கடைசித் தேதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது திருத்திய கடிதம் வந்தது. 25 இப்போது 41 ஆகியிருந்தது, கடன் அந்த அளவு குறைந்திருந்தது. ஐம்பதைவிட ஒன்பது கம்மிதான். மகள் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "3.5-ஐ நினைச்சுக்கிட்டே நாலு வருஷம் என்னால படிக்க முடியாதுப்பா" என்று சொல்லி நாற்பத்தொன்றை எடுத்துக்கொண்டாளாம்.