ரூமுக்குள்ள எந்த ரயில்ரோடு? சாண்டா ஃபே, பென்சி, ரியோ கிராண்டே ஒரு அலசல்

வீட்டு ரூம்ல அமெரிக்க ரயில்ரோடு (அதாங்க, ரயில் கம்பெனி) ஒண்ணை மாடலா, லேஅவுட்டா போடணும்னு ஆசைப்படுறவங்க பாதிப்பேர் மொதல்ல எஞ்சினைத்தான் வாங்குறாங்க, நானும் அதே கூட்டந்தான். செவப்பும் வெள்ளியுமா வார்பானட்ங்கற பெயின்ட் டிசைன் அடிச்ச சாண்டா ஃபே எஃப்7 டீசல் எஞ்சின் ஒண்ணு, பின்னாடி பளபளன்னு ஆறு பேசஞ்சர் கார், எல்லாம் ஹெச்ஓ ஸ்கேல். 22 இன்ச் ரேடியஸ் கர்வ்ல விட்டேன் பாருங்க, கார் முனையெல்லாம் ட்ராக்குக்கு வெளிய நீட்டிக்கிச்சு, நடுவயிறு உள்பக்கம் போயிடுச்சு, கப்ளர் ஒருபக்கமா இழுத்து மூணாவது கார் மெதுவா சாய்ஞ்சு படுத்துருச்சு. அன்னைக்குத்தான் கணக்குப் போட உக்காந்தேன்.

கணக்கு ஒண்ணும் பெரிசில்ல. ஹெச்ஓன்னா 87-ல ஒரு பங்கு. 85 அடி பேசஞ்சர் கார் கிட்டத்தட்ட 30 செ.மீ வரும். ரேடியஸ் காரோட நீளத்துல மூணு மடங்காவது இருக்கணும்னு ஒரு பழைய கைக்கணக்கு உண்டு, அப்போ 90 செ.மீ, யூ-டர்ன் அடிக்கவே ஆறடிக்கு மேல பலகை வேணும். சாண்டா ஃபேல மத்தபடி எல்லாமே சௌகரியம். மார்க்கெட்ல எஞ்சின், கார் கொட்டிக் கெடக்கு, பாலைவனம்ங்கறதால மரம் ஒட்டுற வேலை கம்மி, 1936-ல ஆரம்பிச்ச சூப்பர் சீஃப்ங்கற சொகுசு ரயிலோட மவுசு வேற. ஆனா அந்த மவுசுதான் எடத்தைத் திங்குது. இதையே ‘N’ ஸ்கேல்ல (160-ல ஒரு பங்கு) போட்டா அரை மீட்டர் ரேடியஸ்லயே தாராளமா ஓடும். இல்ல கான்சாஸ் பக்கம் ஒரு பிராஞ்ச் லைனை எடுத்துக்கிட்டு ரெண்டு தானிய எலிவேட்டர் (தானியம் சேத்து வைக்கிற கோபுரம்), ஒரு ஜீப்பி7 டீசல் எஞ்சின், 40 அடி பாக்ஸ்கார் (மூடின சரக்குப் பெட்டி) நாலஞ்சுன்னு வச்சா 18 இன்ச்சே போதும். என்ன, வார்பானட் ஆசைல வந்தவனுக்கு அது பத்தியச் சாப்பாடு மாதிரி.

அடுத்து பென்சில்வேனியா, ரசிகர் பாஷைல பென்சி. ஆல்டூனா ஊர்ப்பக்கம் மலைல இருக்கற குதிரை லாட வளைவு, ஹார்ஸ்ஷூ கர்வ், அது இல்லாம பென்சி வேணாம்னு சொல்றவங்க கொஞ்சம் நில்லுங்க. 1854-ல தெறந்த அந்த வளைவோட ரேடியஸ் அசல்ல 600 அடிக்கு மேல, 87-ஆல வகுத்தா ஏழடி, குறுக்க மட்டும் 14 அடி! பென்சி காலத்துல அதுல நாலு ட்ராக் வேற. பாதியா சுருக்கிப் போடலாம், போடுறாங்க, ஆனா சுருக்கச் சுருக்க அது எந்த ஊர் வளைவு வேணா ஆயிடுது. இன்னொரு வம்பு, ஜிஜி1 எலக்ட்ரிக் அழகா இருக்கேன்னு வாங்கி இந்த வளைவுல ஓட்டுறது. பென்சியோட கரன்ட் கம்பி மேற்கால ஹாரிஸ்பர்க் வரைக்குந்தான் போச்சு, ஆல்டூனா பக்கம் கம்பியே கெடையாது. ஜிஜி1 வேணும்னா கிழக்குப் பக்கம் மெயின் லைன் எடுக்கணும், மேல கம்பி கட்டணும், கம்பி கட்டினப்புறம் கீழ தடம் புரண்ட வண்டியை எடுக்கக் கை விட்டா கம்பி அறுந்துரும். பொறுமைசாலிங்களுக்கு ஓகே, எனக்கு ஆகாது.

இன்னொரு பெரிய ரயில்ரோடான யூனியன் பசிபிக்கை ஏன் விட்டேன்னா, அவங்களோட பிக் பாய்ங்கற ராட்சச நீராவி எஞ்சின்தான் காரணம். மொத்தமே 25 எஞ்சின், டெண்டரோட ஹெச்ஓல 46 செ.மீ. மாடல்ல ரெண்டு செட் சக்கரமும் திரும்பறதால சின்ன கர்வ்லயும் ஓடிரும், ஆனா பாய்லர் மூக்கு வெளிய போய் டனல் வாசல்ல இடிக்கும்.

இப்ப ரியோ கிராண்டே, அதுவும் கொலராடோ, நியூ மெக்சிகோ எல்லைல ஓடின நாரோ கேஜ், அதாவது மூணடி அகலமே உள்ள குறுகல் தண்டவாளம். பாக்ஸ்கார் 30 அடிதான், ஹெச்ஓல பத்தரை செ.மீ. அசல்லயே வளைஞ்சு நெளிஞ்சு போற லைன், அதனால ரூம்ல கர்வ் கூடிப்போச்சேன்னு கூச்சமே வேணாம். சாமாங்கற ஊர்லேருந்து கும்ப்ரெஸ் பாஸ்ங்கற மலைக் கணவாய், 10,015 அடி உசரம், நூத்துக்கு நாலு ஏத்தம். முழு ரயிலும் ஏறாதுன்னு பாதியப் பிரிச்சு மேல விட்டுட்டு, எஞ்சின் திரும்ப எறங்கி வந்து மீதியை இழுத்துட்டுப் போகும். லேஅவுட்ல இது எவ்ளோ பெரிய லாபம்னு யோசிச்சுப் பாருங்க, பத்து காரை வச்சுக்கிட்டு ஒரு சாயங்காலம் முழுக்க வேலை இருக்கு! இந்த லைன்ல ஓடின கே-36 நீராவி எஞ்சினைப் பக்கத்துல வச்சுப் பாத்தா ஃப்ரேம் சக்கரத்துக்கு வெளிய இருக்கும், சக்கரம் உள்ள ஒளிஞ்சுக்கும், கவுன்டர்வெயிட்டு மட்டும் வெளிய சுத்திக்கிட்டே இருக்கும், மெதுவா ஓட்டினா அதையே பாத்துட்டு இருக்கலாம்.

கெட்டதும் இருக்கு. ஹெச்ஓல நாரோ கேஜ்னா ட்ராக் பத்தரை மில்லிமீட்டர், ரெடிமேட் சரக்கு ரொம்பக் கம்மி, கெடைச்சா வெலை சுடும், பல வண்டியை கிட் வாங்கி நாமளே ஒட்டணும். ஹெச்ஓ ட்ராக்லயே 48-ல ஒரு பங்கு சைஸ் வண்டி ஓட்டற ஓஎன்30 ஒரு குறுக்கு வழி, கேஜ் கறாரா பாத்தா தப்பு, ஆனா கண்ணுக்கு ஜோரா இருக்கும்.

யாரோட ரயிலும் வேணாம், சொந்தமா ஒரு ரயில்ரோடு கற்பனை பண்ணிக்கிறேன்னா அதுக்கும் பெரிய பரம்பரை இருக்கு, ஜான் ஆலன்ங்கற பேர்போன மாடல்காரரோட கோரி அண்ட் டிஃபீட்டட் லேஅவுட் அப்படித்தான். ஆனா வண்டி மேல பேர் ஒட்டற டீக்கால்லேருந்து எல்லாம் நாமளே பண்ணணும், இந்த மலைல இந்த ஸ்டேஷன் ஏன் இருக்குன்னு நமக்கு நாமே கதையும் சொல்லிக்கணும். எனக்கு அந்த அளவுக்குக் கற்பனை பத்தாது.

ஆக, நான் கும்ப்ரெஸுக்கே போறேன், வருஷம் 1950-கள், ஃபார்மிங்டன் எண்ணெய் வயலுக்கு பைப் ஏத்திட்டுப் போன காலம். மொதல்ல சாமா யார்டும் கரி ஏத்துற டவரும் மட்டும், மலை அடுத்த வருஷம்.